கலங்கல் இல்லாத செயல்திட்டம்

(மதுராந்தகம் வட்டார ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



'செயல்திட்டங்களில் ஏற்படும் இடர்களும் அவற்றைக் கையாளும் முறைகளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் முதலில் மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இடர்களை நன்றாகக் கையாண்டவர்கள் பேச வேண்டிய தலைப்பு இது. நான் கையாளத் தவறியவள். பிறகு யோசித்தபோது, நடந்ததை அப்படியே சொன்னால் இங்கே இருக்கும் யாருக்காவது பயன்படும் என்று தோன்றியது. அதனால் வந்திருக்கிறேன்.

2023-ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு செயல்திட்டம் தொடங்கினேன். முதலில் திட்டமிட்டது மதுராந்தகம் பெரிய ஏரியைப் பற்றி. நம் ஊர் ஏரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழு அளவு 23.3 அடி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் 'ஏரி இத்தனை அடியை எட்டியது, கிளியாற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை' என்று செய்தித்தாளில் வரும். அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வெட்டி ஒட்டுவதோடு நிற்காமல் பிள்ளைகளே அளந்தால் என்ன என்பதுதான் என் எண்ணம். ஆனால் அந்த ஆண்டு பெரிய ஏரியில் தூர் வாரி ஆழப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. கரை முழுக்க லாரி, பொக்லைன். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல வழியே இல்லை. சரி, நம் பள்ளிக்கூடம் இருக்கும் கிராமத்து ஏரியையே எடுத்துக்கொள்வோம் என்று மாற்றினேன். திட்டத்தின் முதல் மாற்றம் இதுதான். மாற்றியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நெகிழ்வாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி இதுதான்: மழையில் ஏரி நிரம்பும்போது ஊர்க் கிணறுகளில் நீர் எத்தனை நாள் கழித்து ஏறுகிறது? ஏரிக்குப் பக்கத்துக் கிணற்றுக்கும் தூரத்துக் கிணற்றுக்கும் வித்தியாசம் உண்டா? நல்ல கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஏரி நம் வீட்டுக் கிணற்றுக்கு என்ன செய்கிறது என்று பிள்ளைகள் அளந்து பார்த்ததில்லை.

திட்ட அறிக்கை எழுதினேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, கால அட்டவணை, செலவு எல்லாம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், நாம் எல்லோரும் எழுதுவதுபோல, ஒரு வரி எழுதினேன்: 'தகுந்த பாதுகாப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்.'

அந்த வரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதில் எழுவாய் இல்லை, பாருங்கள். தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், இலக்கணப்படி அது சரியான வாக்கியமாக இருக்கலாம். ஆனால் மேற்கொள்ளப்போவது யார்? எப்போது? எந்த ஆபத்துக்கு எதிராக? ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்த மாநிலம் நம்முடையது. அந்த நாளுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரையைப் பார்த்தால் நமக்கு உடம்பு பதறுகிறது. சமையல்கூடம் எங்கே, வெளியேறும் வழி எங்கே என்று கண் தானாகத் தேடுகிறது. கட்டடத்தைப் பற்றி அவ்வளவு கற்றுக்கொண்டோம். பிள்ளைகளைக் கட்டடத்துக்கு வெளியே அழைத்துப் போகும்போது மட்டும் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறோம்.

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை. முந்தைய இரண்டு நாள் நல்ல மழை. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர். மூன்று இடங்களில் நீர் மாதிரி எடுக்க வேண்டும், ஒரு கழியால் ஆழம் அளக்க வேண்டும். கரையோரத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஒரு மாணவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். நான் கரையில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். 'இன்னும் ரெண்டடி உள்ளே போப்பா, பாட்டில் தெரியணும்' என்று சொன்னது நான்தான். இரண்டடி வைத்தான். ஆளைக் காணோம்.

மேலே வந்தான், கழுத்துவரை. திரும்ப உள்ளே போனான். அவனுக்கு நீச்சல் தெரியும். கிணற்றில் குதித்து விளையாடுகிற பிள்ளை. ஆனால் கால் சேற்றில் மாட்டிக்கொண்டால் நீச்சல் என்ன செய்யும்? கரையில் இருந்த நீர்க்கட்டிப் பெரியவர் ஓடி வந்து, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசினார். அவன் பிடித்துக்கொண்டான். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இழுத்தோம். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. 'டீச்சரம்மா, போன கோடையில இந்த இடத்துலதானே சவுடு அள்ளுனாங்க. ரெண்டாள் ஆழம் பள்ளம். எங்கள ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?' என்றார்.

ஏரியில் மண் எடுத்த பள்ளம் மழைக்குப் பிறகு வெளியே தெரியாது. மேலே எல்லாம் ஒரே தண்ணீர். முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும். இது ஊரில் மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும், துணி துவைக்கிற பெண்களுக்குத் தெரியும். பி.எஸ்சி., பி.எட். படித்த எனக்குத் தெரியவில்லை. தெரியாதது தவறில்லை. கேட்காததுதான் தவறு.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். நம் கேள்வி ஏரி நிரம்புவதையும் கிணறு ஏறுவதையும் பற்றியது. அதற்கு ஏரித் தண்ணீருக்குள் ஒரு பிள்ளை ஏன் இறங்க வேண்டும்? நீர்மட்டம் மட்டும் தெரிந்தால் போதுமே? அதைக் கரையில் நின்றே பார்க்கலாமே? நீர் மாதிரி, கழியால் ஆழம் அளப்பது இவையெல்லாம் கேள்விக்குத் தேவையே இல்லை. அறிக்கையில் ஒட்டும் புகைப்படத்துக்குத்தான் தேவை. ஒரு புகைப்படத்துக்காக ஒரு பிள்ளையை இரண்டடி உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. ஆனால் இங்கே இருக்கும் நம்மில் பலர் படம் எடுத்துக் குழுவில் அனுப்பும் அவசரத்தில் இருக்கிறோம். அதனால் சொல்கிறேன்.

மறுநாள் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. 'அவனுக்கு நீச்சல் தெரியும்னு உங்களுக்கு யார் டீச்சர் சொன்னது?' என்று மட்டும் கேட்டார். அவனே சொன்னான் என்றேன். 'அவன் சொல்வான்' என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை.

இரண்டு மாணவிகளின் பெற்றோர் பிள்ளைகளை இனி அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியர் அம்மா திட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் நிறுத்திவிடும் மனநிலையில்தான் இருந்தேன். நிறுத்த விடாதவர்கள் பிள்ளைகள். தண்ணீரில் விழுந்தவன்தான் முதலில் வந்து கேட்டான், 'கிணத்த அளக்கலாம்தானே மிஸ்? அதுல யாரும் எறங்க வேண்டாமே?'

விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். 2022-இல் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது இருபது உறுப்பினர்களில் பதினைந்து பேர் பெற்றோராக இருந்தார்கள். எங்கள் பள்ளியில் கூட்டம் என்றால் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதாகவே பெரும்பாலும் இருந்தது. அன்று அப்படி இல்லை. நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, 'இந்த வேலையில் வேறு என்னென்ன ஆபத்து இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். எழுத இடம் போதவில்லை.

சவுடு எடுத்த பள்ளங்கள் எங்கெங்கே என்று ஒருவர் வரைந்து காட்டினார். எந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, எதன் சுவர் சாய்ந்திருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னார். மழைக்குப் பிறகு கரை மேட்டில் பாம்பு ஏறும், புதர் ஓரம் நடக்கக் கூடாது என்றார் ஒருவர். கலங்கல் பக்கத்துப் பனைமரத்தில் கதண்டுக் கூடு. மேலத்தெரு நாய்கள். ஒரு தாய் சொன்னதுதான் என்னை உலுக்கியது: 'கிணத்து மேட்டுல மோட்டார் ஒயர் தொங்கும். ஈரத்துல கம்பியத் தொட்டா போச்சு. மழை நாள்ல எங்க வீட்டுப் பெரியவங்களே அங்க போக மாட்டோம்.' பாதுகாப்புப் பற்றி நான் எழுதியது ஒரு வரி. அரை மணி நேரத்தில் அவர்கள் ஒரு பலகை நிறையச் சொன்னார்கள்.

அந்தப் பலகையிலிருந்து திட்டத்தை மறுபடி எழுதினோம். நான் எழுதவில்லை, எழுதினோம். கேள்வி அப்படியே. வழி மட்டும் மாறியது. எட்டுக் கிணறுகளில் மூன்றை விட்டுவிட்டோம். மீதி ஐந்துக்கும் நல்ல கைப்பிடிச் சுவர் உண்டு. சுவரில் பெயின்டால் ஒரு புள்ளி. கல் கட்டிய கயிற்றை அந்தப் புள்ளியிலிருந்து இறக்குவது வீட்டுப் பெரியவர்களின் வேலை. நனைந்த அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்வது பிள்ளையின் வேலை. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு, ஒரே நேரத்தில். மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் அது ஏரியின் கணக்கு ஆகாது, மோட்டாரின் கணக்காகிவிடும். ஏரிக்கு, மதகுக் கல்லில் நீர்க்கட்டிப் பெரியவரே அரை அடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தார். கரையில் நின்று படித்துவிடலாம். மழையளவுக்கு அடி சீராக இல்லாத இரண்டு லிட்டர் பாட்டில். மேல் பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்து, அடியில் மேடுபள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு. வானிலைத் துறை அளப்பதுபோல நாங்களும் காலை 8.30 வரை பெய்ததை ஒரு நாள் மழையாக எடுத்துக்கொண்டோம். உப்புத்தன்மை பார்க்க வாங்கிய கருவி இரண்டாம் வாரமே கீழே விழுந்து போனது. அதற்குப் பதில் எல்லாக் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலைப் போட்டுக் குலுக்கி நுரையின் உயரத்தை அளந்தார்கள். கருவியைவிட இதில்தான் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். அந்த நாட்களில் நீர்க்கட்டிப் பெரியவரோடு நிறையப் பேசினேன். பாடப்புத்தகத்தில் நாம் ஏரியின் பாகங்கள் என்று கரை, மதகு, கலங்கல் என்று எழுதிப் போடுகிறோம். கலங்கல் எதற்கு என்று கேட்டால் 'உபரி நீர் வெளியேற' என்று பிள்ளைகள் எழுதுவார்கள், ஒரு மதிப்பெண் கொடுப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏரியைக் கட்டியவர்கள் எவ்வளவு மழை வரும் என்று தெரிந்து கட்டவில்லை. தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு கட்டினார்கள். எதிர்பார்த்ததற்கு மேல் வந்தால் எந்த இடத்தில் வெளியேறட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தார்கள். கலங்கல் இல்லாத ஏரி எங்கே உடையும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். கலங்கலில் வழிவதும் வீணாவதில்லை. கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகிறது.

இன்னொன்றும் சொன்னார். பழைய கலங்கல்களில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை வரும் காலம், அந்தக் கற்களுக்கு இடைவெளியைத் திறந்தே விட்டுவிடுவார்கள். மார்கழி கடைசியில், இனிப் பெரிய மழை இல்லை என்று தெரிந்த பிறகு, இடைவெளியில் மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, கூடுதலாக ஓரடி தண்ணீர் பிடிப்பார்கள். ஒரே கலங்கல்தான். ஆபத்து இருக்கும் மாதத்தில் ஒரு மட்டம், ஆபத்து குறைந்த மாதத்தில் இன்னொரு மட்டம். கால அட்டவணையை ஜூன் மாதம் எழுதி ஜனவரி வரை மாற்றாமல் வைத்திருக்கும் எனக்கு இது பெரிய பாடமாக இருந்தது. நம் பெரிய ஏரியில் தானியங்கி ஷட்டர்கள் வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். 1790-களின் கடைசியில் இந்த ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, மழைக்காலம் வந்தால் உடைந்துவிடும் ஏரிக்கரையைப் பற்றிக் கவலைப்பட்டதும், பெருமழை இரவில் குடையோடு கரைக்குப் போனதும், வில்லேந்திய இரண்டு வீரர்கள் கரையைக் காத்து நிற்கக் கண்டதும், பிறகு கோயிலில் தாயாருக்குச் சன்னிதி கட்டிக் கொடுத்ததும். ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்த கதை. அந்தக் கதையை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு கேட்டபோது மட்டும் வேறொன்று மனதில் பட்டது. ராமர் காத்தது ஒருபுறம் இருக்கட்டும். அந்த அதிகாரி கொட்டும் மழையில் பங்களாவில் படுத்துக்கொண்டு 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதவில்லை. கரைக்குப் போய்ப் பார்த்தார். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று முறையிட்டபோது 1798-இல் அவர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்தவரும் இவர்தான் என்பார்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் நன்றாக விளையும் என்பது எந்தக் கலெக்டருக்கும் முன்பே வேடந்தாங்கல் விவசாயிக்குத் தெரியும்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். திட்டத்தைத் திருத்திய பிறகு எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்லி முடிக்க ஆசைதான். இரண்டாவது தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது.

பிள்ளைகள் தினமும் அளக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய அட்டவணை வரைந்து வகுப்பறையில் ஒட்டினேன். ஐந்து கிணறு, ஐந்து குழு. ஒரு வாரம் முழுக்கக் கட்டம் விடாமல் நிரப்பிய குழுவுக்கு ஒரு நட்சத்திரம். நாம் வழக்கமாகச் செய்வதுதான். பிள்ளைகள் ஆர்வமாகச் செய்தார்கள்.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னை மிதந்தது. நம் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு நாள்கணக்கில் விடுமுறை, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் குறிப்பேட்டைக் கொண்டு வந்தார்கள். மூன்று குழுக்களின் பக்கத்தில் இடைவெளி. மற்ற இரண்டு குழுக்களின் பக்கம் முழுமையாக இருந்தது.

முதல் குழுவின் எண்களைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் சரியாக நான்கு அங்குலம் ஏறியிருந்தது. நான்கு, நான்கு, நான்கு, நான்கு. புயல் மழை அப்படிச் சீராகப் பெய்யாது. 'உண்மையைச் சொல்லுங்க' என்றேன். போட்டுக்கொண்டதை ஒப்புக்கொண்டார்கள். கோபம் வந்தது. ஆனால் அடுத்த குறிப்பேட்டைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதில் எண்கள் ஏறுக்குமாறாக, உண்மையானவையாக இருந்தன. தாள் நனைந்து மை பரவியிருந்தது. டிசம்பர் 4 காலை, அந்தக் காற்றிலும் மழையிலும், வீட்டில் யாரும் வராததால் அந்த மாணவி தனியாகப் போய்க் கயிறு இறக்கியிருக்கிறாள். 'கட்டம் விட்டுப் போயிடும்னு போனேன் மிஸ்' என்றாள். மோட்டார் ஒயர் தொங்கும் அதே கிணற்று மேடு.

ஒரு குழு பொய் எழுதியது. ஒரு மாணவி உயிரைப் பணயம் வைத்தாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நான் ஒட்டிய நட்சத்திரம். ஆபத்து ஏரியிலும் கிணற்றிலும் மட்டும் இல்லை, என் அட்டவணையிலேயே இருந்தது. எப்போது அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த நான், எப்போது அளக்கக் கூடாது என்று சொல்லவே இல்லை. கட்டம் காலியாக இருக்கலாம் என்று சொல்லவே இல்லை.

அன்றே நட்சத்திரங்களைப் பிய்த்தோம். இடைவெளியை இடைவெளியாகவே விடுவது என்று முடிவு. காலிக் கட்டத்தில் ஒரு சிறு குறிப்பு மட்டும்: 'ம' என்றால் மழை, 'ஆ' என்றால் ஆள் இல்லை, 'மோ' என்றால் மோட்டார் ஓடிவிட்டது. ஒரு பையன் காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடலாமா என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் ஒரு முழுப் பாடவேளை ஓடியது. பூஜ்யம் என்றால் அளந்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். காலி என்றால் அளக்கவில்லை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பு முடிக்கும் பல பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஏன், நாம் நிரப்பும் சில படிவங்களிலேயே இந்தக் குழப்பம் உண்டு, அது வேறு கதை.

அதோடு அளக்கக் கூடாத நாளுக்கும் ஒரு கோடு போட்டோம். வானிலை ஆய்வு மையம் நம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் அன்று அளவீடு கிடையாது, யாரும் என்னைக் கேட்க வேண்டாம். இந்த நிறங்களைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது மழையின் வகைகளும் வந்தன. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை கனமழை, அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதிகனமழை. செய்தியில் தினமும் கேட்கும் வார்த்தைகளுக்குப் பின்னால் எண் இருக்கிறது என்று தெரிந்ததும் பாட்டில் மழைமானிக்கு மதிப்புக் கூடிவிட்டது. இன்னொரு விதி பிள்ளைகள் சொன்னது. யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்றால் அன்று வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது. பயம் என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது தேவை. ஏரியில் இறங்கியவன் எனக்குப் பிறகு சொன்னான், இறங்கும்போதே அவனுக்குக் கால் வழுக்கியதாம். சொன்னால் மிஸ் என்ன நினைப்பார்களோ என்று சொல்லவில்லையாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 'எங்களுக்கு ஏரியும் இல்லை, புயலும் இல்லை' என்று நினைக்கலாம். ஒன்றாம் வகுப்பில் விதை முளைக்க வைப்பதிலும் இதே கதைதான். என் தோழி ஒருவர் பள்ளித் தோட்டத்தில் வெண்டை போட்டார். ஆடு வந்து தின்றது. வேலி போட்டார். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. மூன்றாவது முறை, விதைப்பதற்கு முன்பு பிள்ளைகளையே கேட்டாராம், 'இந்தச் செடி எப்படியெல்லாம் செத்துப்போகும்?' என்று. ஆறு வயதுப் பிள்ளைகள் பதினோரு வழி சொன்னார்களாம். அதில் ஒன்று: 'டீச்சர் டிரான்ஸ்பர் ஆயிட்டா.' சிரிக்கிறீர்கள், ஆனால் அதுவும் உண்மையான இடர்தான். ஒரே ஆசிரியரின் தலையில் இருக்கும் திட்டம் அவர் மாறுதலில் போனால் கூடவே போய்விடும். அதனால்தான் எங்கள் குறிப்பேடுகளில் ஒரு பிரதி மேலாண்மைக் குழுத் தலைவி வீட்டில் இருக்கிறது. எங்கள் குழுவிலேயே ஒரு மாணவி, பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குப் போனபோது தை மாதம் கூடவே போய்விட்டாள். அவள் கிணற்றை அவள் பாட்டியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து தொடர்ந்தார்கள். இது திட்டத்தில் இல்லாதது. யாரும் சொல்லாமலே நடந்தது.

முடிவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஏரிக்கு அருகிலிருந்த இரண்டு கிணறுகளில் மழை நின்ற பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. தூரத்துக் கிணறுகளில் மழை நின்ற சில நாட்களிலேயே ஏற்றம் நின்றுவிட்டது. ஐந்து கிணற்றை வைத்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் பிள்ளைகள் அறிக்கையில் எழுதினார்கள். அந்த வரி எனக்குப் பிடித்தது. அறிவியல் கண்காட்சியில் வைத்தோம். நடுவர் ஒருவர் வரைபடத்தில் டிசம்பர் முதல் வாரம் ஏன் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார். 'அந்த வாரம் புயல் சார், அளந்திருந்தா தப்பு' என்றாள், புயலில் அளந்த அதே மாணவி. அவள் எடுத்த உண்மையான எண்களைக்கூட அவளே வரைபடத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டாள். அதைச் சேர்த்தால் அடுத்த வருடம் வேறு யாராவது புயலில் போவார்கள் என்பது அவள் வாதம். அறிவியல்படி அது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். கிடைத்த தரவை நீக்கலாமா? அது எப்படிக் கிடைத்தது என்ற குறிப்போடு வைத்திருக்கலாமோ? உங்களில் யாருக்காவது தெளிவான கருத்து இருந்தால் தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

போன வாரம் நீர்க்கட்டிப் பெரியவர் போன் செய்தார். மதகுக் கல்லில் கோடு மங்கிவிட்டதாம். 'பெயின்ட் வாங்கி வெச்சிருக்கேன் டீச்சரம்மா, தண்ணி வர்றதுக்குள்ள பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க' என்றார். வரும் சனிக்கிழமை போகிறோம். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். கூட வருவதாக இரண்டு அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், 'அவனுக்கு நீச்சல் தெரியும்னு யார் சொன்னது?' என்று என்னைக் கேட்டவர்.